நாற்பத்திரண்டாவது கல்

காலை நாலரைக்கு எழுந்திருப்பேன். அலாரம் வைப்பதில்லை. மோட்டார் போடுவேன். தொட்டி நிரம்ப ஆறு நிமிடம் ஆகும். அதற்குள் பல் துலக்கிவிடுவேன். என் மாமியார் சகாயராணி அப்போதே எழுந்து அடுப்பு பற்றவைத்திருப்பார். ஒரு டம்ளர் காப்பி கொடுப்பார். குடிப்பேன். இருவரும் பேச மாட்டோம். ஐந்தே காலுக்கு வண்டியை எடுப்பேன். ஏம்பலம் சாலையில் பதினோரு நிமிடம். பண்ணையின் கேட்டைத் திறந்து, போர் மோட்டாரைப் போட்டு, முந்தின நாள் பூசிய சுவர்களுக்குத் தண்ணீர் அடிப்பேன். காவலாளி செய்ய வேண்டிய வேலை அது. தூக்கம் வராத ஆளுக்குத் தோதாக இருந்ததால் நான் எடுத்துக்கொண்டேன்.

கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த வேலையின்போது நடந்தவை. போன டிசம்பர் 16 முதல் 24 வரை. ஒன்பது நாள். நேரங்களைக் கைபேசியில் பார்த்து அன்றன்றே குறித்துவைத்தேன். நான் சிவில் இன்ஜினியர். அளக்காத எதையும் எழுதிப் பழக்கமில்லை. நம்புங்கள் என்று யாரையும் கேட்கப் போவதில்லை. நடந்தது, எழுதுகிறேன். அவ்வளவுதான்.

பாகூர் பக்கம் இருக்கிறது அந்தத் துரைப் பண்ணை. பிரெஞ்சுக்காரன் காலத்தில் கட்டியது. பெரிய களம், களத்தைச் சுற்றி நீளமான நெல் கிடங்கு, மாட்டுக் கொட்டகை, கணக்குப்பிள்ளை உட்கார்ந்த ஓர் அறை. முப்பது வருடமாகப் பாழாய்க் கிடந்தது. கடைசி வாரிசுகள் கொம்யூன் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அதை ஊர்ப் பொதுவுக்கு மாற்றுகிறோம். நெல் கிடங்கு சமுதாயக் கூடம் ஆகிறது. மாட்டுக் கொட்டகையில் பெண்களுக்குத் தையல் பயிற்சி. கணக்குப்பிள்ளை அறை படிப்பகம்.

இதைக் கேட்டு நாலு வருடம் மனு எழுதியவள் என் மனைவி ரோஸ்லின்.

அவளுடைய ஆட்கள் பண்ணைக்குப் பின்னால் இருக்கும் காலனிக்காரர்கள். நாலு தலைமுறையாக அந்தக் களத்தில் வேலை செய்தவர்கள். அவள் சமூகப்பணி படித்தாள், மகளிர் குழுக்களுக்கு ஒருங்கிணைப்பாளர் ஆனாள். ஒவ்வொரு மனுவையும் என்னிடம் வாசித்துக் காட்டுவாள். "எங்க ஆளுங்க வெளிய நின்ன எடம், புகழு. எங்க புள்ளைங்க உள்ள ஒக்காரணும்" என்பாள். என் பெயர் புகழ்வேந்தன். மண்ணாடிப்பட்டுப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். அவளைக் கல்யாணம் செய்த நாளிலிருந்து என் அப்பா என்னோடு பேசுவதில்லை. அவள் சாவுக்கும் வரவில்லை.

டெங்கு. ஐந்து நாள். அவளுக்கு முப்பது வயது முடியவில்லை.

அவள் போன மூன்றாம் மாதம் அரசாணை வந்தது. வேலையை எடுத்த கம்பெனியில்தான் நான் இருந்தேன். இந்த சைட்டை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன்.

கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

களத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு வரிசைக் கற்கள். ஒவ்வொன்றும் ஒரு முழம் சதுரம். தரையோடு தரையாகப் பதித்தவை. மொத்தம் நாற்பத்தொன்று. என் வரைபடத்தில் எண் போட்டிருக்கிறேன். காலனியில் அவற்றைப் பேர்க்கல் என்பார்கள். வீட்டுக்கு ஒரு கல். விடிவதற்கு முன்னால் பண்ணையாட்கள் அவரவர் கல்லில் வந்து நிற்க வேண்டும். கணக்குப்பிள்ளை நோட்டைப் பார்த்துப் பேர் கூப்பிடுவான். "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். யாராவது வரவில்லையென்றால் பக்கத்துக் கல்லில் நிற்பவர் "இருக்காங்க" என்று குரல் கொடுத்துவிடலாம். ஆனால் கொடுத்துவிட்டால் பேர் ஏறிவிடும். பேர் ஏறியவர் காய்ச்சலானாலும் பிரசவமானாலும் எழுந்து வந்து வேலை செய்தாக வேண்டும்.

அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. சைட்டில் எட்டு மணிக்கு அட்டனன்ஸ் எடுப்பேன். யாராவது பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு வர நேரமானால் காலனியிலிருந்து சித்தாள் வேலைக்கு வரும் தையலம்மாள் அக்காதான் குரல் கொடுப்பார். "இருக்கறா சார், எழுதிக்கோ." எழுதிவிடுவேன். அந்தப் பெண் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்க ஓடிவரும்.

கற்களைப் பெயர்த்துப் போட வேண்டும் என்று ரோஸ்லின் சொல்லியிருந்தாள். பழங்காலக் கட்டிடங்களைப் பாதுகாக்கும் ஆலோசகர் ஒருவர் வந்து, வேண்டாம், அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் ஒரு போர்டு வைக்கலாம் என்றார். சரி என்றேன். யாருக்கும் மறுப்புச் சொல்லத் தோன்றாத மாதங்கள் அவை.

டிசம்பர் 16, செவ்வாய். மார்கழி முதல் நாள். நல்ல பனி. எதிரே இருக்கும் கிடங்கு தெரியவில்லை. தண்ணீர் அடித்துக்கொண்டே மேற்கு ஓரத்துக்கு வந்தேன். டார்ச் அடித்தேன். களம் முழுக்கப் பனியில் நனைந்திருந்தது. புல், மணல் குவியல், சாக்கு, எல்லாம் ஈரம். கற்களும் ஈரம்தான்.

ஆனால் ஒவ்வொரு கல்லின் நடுவிலும் இரண்டு இடம் மட்டும் காய்ந்திருந்தது. பக்கத்துப் பக்கத்தில். பாதம் அளவு.

மணி 5.48.

கல் சூட்டைப் பிடித்துவைத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்ஜினியருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

17, புதன். 5.40. போர் மோட்டாரை நிறுத்தினேன். சத்தம் அடங்கியதும் இன்னொரு சத்தம் கேட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அப்புறம் தாள் புரட்டும் சத்தம். கெட்டியான தாள்.

"சாமிக்கண்ணு."

"இருக்கேன்."

"ஆரோக்கியம்."

"இருக்கேன்."

கூப்பிட்ட குரலில் அவசரம் இல்லை. கோபமும் இல்லை. தினமும் செய்கிற வேலையைச் செய்கிற குரல். பதில்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு தொண்டையிலிருந்து வந்தன. ஆண், பெண், ஒரு சின்னப் பிள்ளை. டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பினேன். பனி மட்டும் வெள்ளையாக நின்றது. குரல் நிற்கவில்லை. பேர்... பதில். பேர்... பதில். ஆறு நிமிடம். அப்புறம் நோட்டு மூடும் சத்தம். நிறைய வெறுங்கால்கள் மணலில் நடந்து போயின.

எட்டு மணிக்கு பாக்யராஜ் மேஸ்திரியிடம் கேட்டேன்.

"விடிகாலைல இந்தப் பக்கம் யாராச்சும் வேலைக்கு ஆள் கூப்பிடறாங்களா மேஸ்திரி?"

"மார்கழி மாசம் சார். நாலு கோயில்லயும் மைக்கு. மாதா கோயில்லயும் மைக்கு. இன்னாத்த கேட்டீங்களோ?" என்றார். "நீங்க மொதல்ல தூங்குங்க சார்."

18, வியாழன். எண்ணினேன். நாற்பத்தொரு பேர். கைபேசியில் பதிவு செய்தேன். பிறகு போட்டுக் கேட்டேன். ஓஸ் பைப்பில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் இருந்தது. ஆறு நிமிடம் பத்து நொடி.

வெள்ளியும் அதேதான். நான் பயந்தேன் என்று சொல்ல முடியாது. பதினாலு மாதமாக எனக்குள் எதுவும் ஏறுவதில்லை. சாப்பாடு ஏறாத மாதிரி பயமும் ஏறவில்லை. நின்று கேட்டுவிட்டு மோட்டாரை மறுபடி போட்டேன்.

20, சனி.

நாற்பத்தொன்று முடிந்தது. நோட்டு மூடும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

ஒரு தாள் புரண்டது.

"ரோஸ்லின்."

நான் இதை விளக்கிச் சொல்ல வேண்டும். அவள் போன பிறகு என் எதிரில் யாரும் அவள் பேரைச் சொல்வதில்லை. மேஸ்திரி "அம்மா" என்பார். குழுப் பெண்கள் "அக்கா" என்பார்கள். அத்தை "அது" என்பார். "அதுக்கு இந்தக் கொழம்பு புடிக்கும்." பஞ்சாயத்தில் "உங்க மிஸஸ்." எல்லோரும் எனக்கு வலிக்கும் என்று அந்தப் பேரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பதினாலு மாதம் கழித்து ஒரு குரல் அதை முழுதாகச் சொன்னது.

பதில் வரவில்லை.

"ரோஸ்லின்."

அவள் இருக்கிறாள் என்று நினைத்துக் கூப்பிடுகிற குரல். இந்த உலகத்தில் அப்படி நினைக்க ஒரு ஆள் இருந்தது. மூன்றாவது தடவை கூப்பிடாமல் நோட்டை மூடிவிடுவானோ என்று எனக்குப் பதறியது.

"இருக்காங்க" என்றேன்.

நோட்டு மூடியது. கால்கள் நடந்தன. மணி 5.47. களத்தின் நடுவில் நின்று அழுதேன். சாவு வீட்டிலும் நான் அழவில்லை.

விடிந்ததும் கற்களைப் பார்க்கப் போனேன். எதற்கென்று தெரியாமல் எண்ணினேன். நாற்பத்திரண்டு. மறுபடி தெற்கிலிருந்து எண்ணினேன். நாற்பத்திரண்டு. வரைபடத்தை எடுத்தேன். நாற்பத்தொன்று. ஜூனில் எடுத்த போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாற்பத்தொன்று.

வடக்குக் கடைசியில் ஒரு கல். மற்றவை மாதிரியே தேய்ந்திருந்தது. விளிம்பில் பாசி கூட இருந்தது.

எட்டு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். முந்தின நாள் மாலை இறக்கிய மணல் பாதி சலித்துக் கிடந்தது. பூச்சு வேலைக்குச் சலிக்கிற மாதிரி நைசாக. சல்லடை சுவரில் சாய்த்து வைத்திருந்தது.

"சார் ராத்திரி ஷிப்டுக்கு ஆள் போட்டுட்டாரு" என்றார் மேஸ்திரி. "எங்களுக்கு ஒரு டீ வாங்கித் தர யோசிக்கறாரு."

"யாருன்னு சொல்லு சார்" என்றார் தையலம்மாள் அக்கா. "அவளையே பகல்லயும் வரச்சொல்லு. இந்த மேஸ்திரிய வூட்டுக்கு அனுப்பிடலாம். நின்னுகினு வெத்தல போடறத தவிர இன்னா பண்றாரு?"

எல்லோரும் சிரித்தார்கள்.

21, ஞாயிறு. சைட் விடுமுறை. நான் போனேன். 5.46க்கு அந்தப் பேர் வந்தது.

"ரோஸ்லின்."

"இருக்கேன்."

அவள் குரல்.

அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நல்லா இருந்தபோது இருந்த குரல் இல்லை. ஐந்தாம் நாள் குரல். உதடு வெடித்து, நாக்கு ஒட்டி, தண்ணீர் கேட்கக்கூட முடியாமல் இருந்தாளே, அந்தக் குரல்.

ஓடினேன். "ரோஸி" என்று கூப்பிட்டேன். பனியில் கை நீட்டினேன். எதுவும் படவில்லை. கால்கள் நடந்து போயின. கொஞ்ச நேரத்தில் மணல் குவியலின் பக்கம் சல்லடை ஆடும் சத்தம் கேட்டது. சரக்... சரக்... நடுநடுவே நின்றது. நிற்கும்போதெல்லாம் மூச்சு வாங்கும் சத்தம். அப்புறம் மறுபடி... சரக்... சரக்.

ஆறரைக்கு வெளிச்சம் வந்தது. சத்தம் நின்றது. சலித்த மணலின் மேல் கைத்தடங்கள் இருந்தன. களைத்துப் போய் ஊன்றி எழுந்த மாதிரி. இடது கையின் சுண்டு விரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. ரோஸ்லினுக்குப் பத்து வயதில் கரும்பு வண்டியில் சிக்கி அந்த விரல் கோணலாகிவிட்டது. மோதிரம் வாங்கப் போனபோது கடைக்காரரிடம் அதை அவளே காட்டிச் சிரித்தாள்.

உட்கார்ந்துவிட்டேன்.

என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. அவள் தாத்தா நின்ற வரிசை. அவள் அம்மா நின்ற வரிசை. அவள் அதில் நிற்கக் கூடாது என்றுதான் அவளைப் படிக்கவைத்தார்கள். யாருமே அங்கே நிற்கக் கூடாது என்றுதான் அவள் நாலு வருடம் மனு எழுதினாள். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லி அவளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். காய்ச்சலோடு.

அவள் பேரை அந்த நோட்டிலிருந்து எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

22, திங்கள். 5.30க்கே கல்லருகில் போய் நின்றேன். குரல் ஆரம்பித்ததும் கத்தினேன். "ரோஸ்லின் இல்லை. செத்துட்டா. பேரை எடுங்க." நாற்பத்தொரு பேருக்கும் நடுவில் கத்திக்கொண்டே இருந்தேன். அந்தக் குரல் ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. பேர்... பதில்... பேர்... பதில். கடைசியில் அவள் பேர். கடைசியில் அவள் பதில்.

கடப்பாரையை எடுத்து அந்தக் கல்லின் விளிம்பில் ஓங்கிப் போட்டேன். பொறி பறந்தது. அசையவில்லை. இன்னொன்று. மூன்றாவது அடி விழுந்தபோது என் காதுக்குப் பக்கத்தில், மிக மெல்ல,

"ஆ... அம்மா..."

கடப்பாரை கையிலிருந்து நழுவியது.

மேஸ்திரி வந்து பார்த்தபோது நான் அந்தக் கல்லின் பக்கத்தில் மண்டியிட்டுக் கிடந்தேனாம். "வூட்டுக்குப் போங்க சார்" என்றார். தண்ணீர் கொடுத்தார். மணல் முழுக்கச் சலித்து முடிந்திருந்தது. அன்று அதைப் பற்றி யாரும் ஜோக் அடிக்கவில்லை. பெண்கள் அந்தக் குவியலின் பக்கம் போகாமல் மூட்டையில் இருந்த மணலைத் தூக்கிப் போனார்கள்.

23, செவ்வாய் மாலை. அத்தை வாசலில் கிறிஸ்மஸ் ஸ்டாரைக் கட்டிக்கொண்டிருந்தார். காலனியில் எல்லா வீட்டிலும் கட்டுகிறார்கள், நீங்களும் கட்டுங்கள் என்று யாரோ கொண்டுவந்து கொடுத்தது. வயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அத்த, பண்ணையில பேர் கூப்பிடுவாங்களே. அதுலருந்து ஒரு பேர எடுக்கணும்னா இன்னா பண்ணுவாங்க?"

கட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"இன்னாத்துக்குக் கேக்கற?"

"போர்டுல எழுதணும். அதான்."

அப்புறம் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"எடுக்க மாட்டாங்க. செத்தாலும் எடுக்க மாட்டாங்க. எங்க அப்பா செத்து மூணு நாளு அவரு பேரக் கூப்பிட்டாங்க. வூட்டுக்குள்ள படுத்துகினு கேட்டுகினே இருந்தேன். நாலாவது நாளு நான் போயி நின்னேன். அவருக்குப் பதிலா நான் இருக்கறேன்னு சொன்னேன். அப்பறம்தான் அவரு பேரு நின்னுது."

"அப்ப உங்களுக்கு எத்தினி வயசு?"

"பன்னெண்டு."

ஸ்டாருக்குள் பல்பு எரிந்தது. அத்தை என் கையைப் பார்த்தார். கடப்பாரை பிடித்ததில் தோல் உரிந்திருந்தது.

"தம்பி" என்றார். எப்போதும் மாப்ள என்பவர். "அங்க பனி அதிகம். நாளைக்கு ஒரு நாளு போவாத."

"சரி" என்றேன்.

24, புதன்.

5.26க்குக் கேட்டைத் திறந்தேன். மோட்டார் போடவில்லை. செருப்பைக் கழற்றினேன். அங்கே யாரும் செருப்போடு நின்றதில்லை என்று ரோஸ்லின் சொல்லியிருக்கிறாள். வடக்குக் கடைசிக்கு நடந்தேன்.

கல் சில்லென்று இருக்கும் என்று நினைத்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல்காரர் படுத்து எழுந்த பாய் மாதிரி.

5.40.

தொண்டைச் செருமல். தாள்.

"சாமிக்கண்ணு."

"இருக்கேன்."

எனக்கு வலது பக்கத்தில், கை நீட்டினால் படுகிற தூரத்தில் யாரோ நின்றார்கள். திரும்பவில்லை. வியர்வை வாடையும் வைக்கோல் வாடையும் வந்தது. பேர்கள் வரிசையில் நெருங்கி வந்தன. முப்பது... முப்பத்தைந்து... பதில் சொன்ன ஒவ்வொரு குரலும் முந்தினதைவிட என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

நாற்பத்தொன்று.

தாள் புரண்டது.

"ரோஸ்லின்."

என் முதுகுக்குப் பின்னால் ஒரு மூச்சு. சூடாக. என் பிடரியில் பட்டது. பதில் சொல்ல வாயைத் திறக்கிற மூச்சு.

"இல்லை" என்றேன்.

நோட்டின் சத்தம் நின்றது.

பனி நகரவில்லை.

ஒரு நாய் இல்லை. ஒரு மைக் இல்லை.

"ரோஸ்லின்."

முதல் தடவையாக அந்தக் குரல் நோட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துக் கூப்பிட்டது. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். என்னைப் பார்த்தது.

"அவ இல்லை" என்றேன். "அவளுக்குப் பதிலா நான் இருக்கேன்."

"பேரு?"

"புகழ்வேந்தன்."

எழுதும் சத்தம்.

கீறல்... கீறல்...

நீளமான பேர்.

நோட்டு மூடியது.

கால்கள் நடந்தன. எல்லாம் வயல் பக்கம். ஒரு ஜோடி மட்டும் எனக்குப் பின்னாலிருந்து எதிர்ப்பக்கம் போனது. மெதுவாக. நின்று... நின்று... கேட் திறந்தது. மூடியது. கொண்டி விழுந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கூப்பிட்டுவிடுவேன் என்று தெரியும்.

வெளிச்சம் வந்ததும் கற்களை எண்ணினேன். நாற்பத்தொன்று. நான் வெறும் மண்ணில் நின்றுகொண்டிருந்தேன்.

அதன் பிறகு சைட்டில் மணல் தானாகச் சலிக்கவில்லை. ஆட்கள் பழைய மாதிரி சிரிக்க ஆரம்பித்தார்கள். இப்போதெல்லாம் எனக்குத் தூக்கம் வருகிறது. நன்றாகவே வருகிறது. படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி. எழுந்திருக்கும்போது உள்ளங்கை காய்த்திருக்கிறது. நகத்தில் சேறு இருக்கிறது. அத்தை போர்வையைத் துவைக்க எடுத்து உதறும்போது அதிலிருந்து நெல் தூசி பறக்கிறது. பிறகு அதைத் தண்ணீரில் முக்கிவிடுகிறார். அவள் வெளியே போய்விட்டாள். எனக்கு அது போதும் என்று இருந்தேன்.

ஜனவரி 8 வரை.

சமுதாயக் கூடத்துக்கு அவள் பேரையே வைப்பதாகப் பஞ்சாயத்தில் முடிவெடுத்தார்கள். அதற்கு அவள் இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அதில் பேர் தப்பாக அச்சாகியிருந்தது. திருத்த வேண்டுமென்றால் ஆஸ்பத்திரி வார்டு ரெஜிஸ்டரின் நகல் வேண்டும் என்றார்கள். வியாழக்கிழமை மதியம் போனேன். அவளுடைய கடைசி இரவில் டியூட்டியில் இருந்த அதே சிஸ்டர்தான் மேசையில் இருந்தார். என்னை ஞாபகம் வைத்திருந்தார். நகல் எடுத்துக் கொடுத்தார்.

கிளம்பும்போது சும்மாதான் கேட்டேன்.

"அன்னிக்குக் காலைல அவ பேரச் சொல்லிக் கூப்பிட்டது யாரு சிஸ்டர்? ரத்தம் எடுக்கவா? நான் வெளிய வந்து பாத்தப்ப யாரும் இல்ல."

சிஸ்டர் புரியாமல் பார்த்தார்.

"இந்த வார்டுல யாரும் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டோம் சார். ஒரே பேர்ல மூணு பேரு இருப்பாங்க, மாறிப்போயிடும். நான் சேந்ததுலருந்தே பெட் நம்பர்தான். உங்க மிஸஸ் பதினேழு."

படியில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவள் போன அன்று விடிகாலை வராந்தாவிலிருந்து அந்தக் குரல் வந்தது. அவசரம் இல்லாத குரல். "ரோஸ்லின்." இரண்டு தடவை. நான் ஸ்டூலிலிருந்து எழுந்து, எங்கே விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று பதறி, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி "இருக்காங்க" என்று சொன்னேன். வெளியே ஓடினேன். வராந்தா காலி. திரும்பி வந்தேன். அதற்குள் முடிந்திருந்தது.

கடைசியாக என்ன சொன்னாள் என்று எல்லோரும் கேட்டார்கள். "அம்மாவைப் பாத்துக்க" என்றாள் என்று சொன்னேன். அத்தை அதைத்தான் காலனியில் எல்லோரிடமும் சொல்லி அழுதார். கல்லறையிலும் அதையே எழுதவைத்தார்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. அந்தக் குரல் முதல் தடவை கூப்பிட்டதும் என் சட்டையை இழுத்துப் பிடித்தாள். கண்ணைத் திறக்கவில்லை. ஜுரத்தில் உளறுகிறாள் என்று நினைத்து, அந்தக் கையை நான்தான் எடுத்துவிட்டேன்.

"என் பேரக் கூப்பிடறாங்க, புகழு. நான் இல்லன்னு சொல்லிடு."